பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

இன்று கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் ஊர்ச் செய்தி. பழைய லாரி, டிராக்டர், வேன் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எங்கள் சிங்கம்புணரியில் தென்னை நார்க் கயிறுதான் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. திரித்த கயிறு வெளியூர் போக லாரி வேண்டும். அந்த லாரி ஒரு காலையில் கிளம்பவில்லை என்றால் டிரைவர், லோடுமேன், கயிற்றுக்காரர் மூன்று பேருக்கும் அன்றைய பிழைப்பு போச்சு.

எங்கள் தெருக்காரர் ஒருவர் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து அவரே ஓட்டுகிறார். வண்டிக்கு இருபது வயதுக்கு மேல். போன மாதம் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும், அரைச் சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். "பேட்டரி போச்சு சார். ரெண்டையும் மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்க" என்றார். இரண்டும் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டும். வட்டிக்குப் பணம் கேட்டு வைத்திருந்தார்.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வயரைப் பாத்துடுவோமே" என்று, என்னிடம் படித்த பையன் ஒருவனுக்குப் போன் போட்டேன். இப்போது அவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

வந்ததும் முதல் வேலையாக, "அண்ணே, பீடியைத் தூரப் போடுங்க" என்றான். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அது பெட்டிக்குள் தங்கியிருந்தால் ஒரு பொறி போதும்.

லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடர் இணைப்பில் சேர்த்து 24 வோல்ட் எடுப்பார்கள். சும்மா இருக்கும்போது மீட்டர் 25.2 காட்டியது. சாவியைத் திருப்பச் சொல்லிப் பேட்டரி முனையில் பார்த்தான், 22. அதே நேரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரில் வைத்துப் பார்த்தால் 17.

"பாத்தீங்களா சார், அஞ்சு வோல்ட்டு வழியிலேயே காணாமப் போகுது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

இதுதான் ஓம் விதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் என்று வையுங்கள். வழியில் வெறும் 0.01 ஓம் மின்தடை இருந்தாலே 3 வோல்ட் காலி. அது சும்மா போகாது, 900 வாட் வெப்பமாக மாறும். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஒரு போல்ட்டின் அடியில்!

அந்த மின்தடை எங்கிருந்து வந்தது? எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தைக் கழற்றினான். உள்ளே பச்சையாகப் பூத்துக் கிடந்தது. பேட்டரியின் கந்தக அமிலம் செம்பைத் தின்றதால் வந்த பூப்பு. என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையிலும் பாதி இழைகள் அறுந்திருந்தன. என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் திரும்ப அந்தப் பட்டைதான் வழி.

பாடத்தில் அரிமானம் என்று படித்தோமே, அதுதான் இது. இதையும் ஆராய்வதற்கு நம் மாவட்டத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரியும் அரிமானமும் அங்கே முக்கியமான ஆராய்ச்சிகள். நாம் சுரண்டிப் போடுகிற பச்சைத் தூளுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய அறிவியல் இருக்கிறது.

பிறகு பையன் வண்டிக்கடியில் படுத்து பிளஸ் வயரைத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கை நின்றது. "சார், குனிஞ்சு பாருங்க." சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து செம்பு பளபளத்தது. பழைய வண்டிகளில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் இந்த வயருக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. அது இரும்பைத் தொட்டால் நிறுத்த ஆளில்லை. வயர் பழுக்கும். மேலே இருப்பதோ காய்ந்த கயிறு. டிரைவர் ஒன்றும் பேசவில்லை. இரவில் லோடை நிறுத்திவிட்டு கேபினில்தான் அவர் தூங்குவார்.

புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தால் வண்டி கொஞ்ச நாள் கிளம்பியிருக்கும். அந்த வயர் மட்டும் அப்படியே உரசிக்கொண்டிருந்திருக்கும்.

வேலை செய்த முறையையும் சொல்கிறேன். முதலில் மைனஸ் வயரைக் கழற்றினான். பிளஸில் கை வைத்த பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது ஷார்ட் ஆகாது. தேய்ந்த வயருக்கு டேப் சுற்றவில்லை, அதே கனத்தில் புது வயர் போட்டான். செம்பு லக்கைக் கருவியால் அழுத்திப் பிடித்தான். உரசும் இடத்தில் ரப்பர் குழாய் மாட்டி கிளிப் போட்டான். சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து எர்த்தை முடுக்கினான். முனைகளை, செல்லுக்குள் இறங்காமல், சோடா உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவினான். மைனஸைக் கடைசியாகத்தான் மாட்டினான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. செலவு புதுப் பேட்டரி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டு வைத்த வட்டிப் பணத்தை அவர் வாங்கவே இல்லை.

ஆகவே, வண்டி முனகினால் பேட்டரி கடைக்குப் போகுமுன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் என்ஜின் பாடிக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. மாதம் ஒருமுறை டார்ச் அடித்து பிளஸ் வயர் போகும் வழி முழுவதையும் பாருங்கள். கயிறும் வைக்கோலும் ஏற்றுகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.