பரணிலிருந்து இறங்கிய விமானம்



போன தடவை நம்ம சுவர்ப் பத்திரிகைக்கு "என் பொழுதுபோக்கு" என்று எழுதச் சொன்னார்கள். நான் மட்டும் எழுதித் தரவில்லை. ஏனென்றால் என் பொழுதுபோக்கு எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. இப்போது அது கீழே இறங்கிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் போர் விமானம் என்றால் உயிர். 2020 ஜனவரி 20 அன்று நம்ம தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு 222-ஆம் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். டி.வி.யில் அதைப் பார்த்த நாளிலிருந்து என் நோட்டுகளின் கடைசிப் பக்கமெல்லாம் சுகோய்தான்!

ஏழாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததற்காக அப்பா எனக்கு ஒரு சுகோய் கிட் வாங்கித் தந்தார். கிட் என்றால் பொம்மை இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் நம்பர் போட்ட பாகங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமேதான் செய்ய வேண்டும். பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். அப்போது அவர் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் கட்டிப் போட்டிருந்தார். "அடுத்த மாசம் மாத்திக்கலாம்"னு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.

நூறுக்கு மேல் பாகங்கள். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடையில் விற்கிற உடனே ஒட்டும் பசையை எடுத்தேன். காக்பிட் மேல் வரும் கண்ணாடி மூடியை ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் அது பனி படிந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது! அந்தப் பசையிலிருந்து எழும்பும் ஆவி கண்ணாடி மேல் படிந்து அப்படி ஆகும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட வேண்டிய வட்டச் சின்னத்தை ஸ்டிக்கர் மாதிரி உரித்தேன். கிழிந்தது. இறக்கை கோணலாக நின்றது. அழுகை வந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

"எங்கடா அந்த ஃப்ளைட்டு?" என்று அப்பா கேட்டார். "ஸ்கூல்ல சயின்ஸ் லேப்ல வச்சிருக்கோம்ப்பா" என்றேன். அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்! அந்தப் பொய் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பரணில் இருந்தது.

இந்த வருஷம் பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்ந்து என்னிடம் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. மறுபடியும் கிட் வாங்க ஆசை. ஸ்ரீரங்கத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலைக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு கடைக்குப் போனேன். எந்த விமானம் வேண்டும் என்று சொன்னால் அவர் வரவழைத்துத் தருவார். எதை வாங்குவது?

முதலில் மிக்-21. 1963-இல் நம் விமானப்படைக்கு வந்து, 62 வருஷம் பறந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. இரண்டாவது மறுபடியும் சுகோய். மூன்றாவது நேட் என்கிற குட்டி விமானம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கிட்களில் அதிகம் கிடைப்பது 1/72 அளவு. 72 அங்குலம் என்றால் 6 அடி. அதாவது நிஜத்தில் 6 அடி இருந்தால் கிட்டில் 1 அங்குலம். ஆறடி மனிதர் கட்டைவிரலின் பாதி உயரம்தான் இருப்பார்! 22 மீட்டர் நீளமுள்ள சுகோய் 30 செ.மீ. வரும். 9 மீட்டர் நேட் பன்னிரண்டரை செ.மீ. மட்டும்தான். நம்ம ராஜகோபுரம் 236 அடி. அதை 72-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக ஒரு மீட்டர் வருகிறது! நேட்டை அதன் பக்கத்தில் வைத்தால் எட்டில் ஒரு பங்குதான்.

ஆனால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூரு எச்.ஏ.எல்.லில் நாம் தயாரித்த விமானம் இது. 1965 போருக்குப் பிறகு இதற்கு "சேபர் கொல்லி" என்று பெயர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைச் சேபர் விமானங்கள் தாக்கியபோது, ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன் நேட்டில்தான் ஏறிப் போய்ச் சண்டை போட்டு உயிர் கொடுத்தார். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் படைப்பிரிவு 2020 மே 27 அன்று நம்ம கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரில் தேஜஸ் விமானத்தோடு மறுபடி எழுந்தது.

இதெல்லாம் தெரிந்தும் என் கை சுகோய் படத்தின் மேல்தான் இருந்தது. கடைக்காரர், "தம்பி, இதுக்கு முன்னாடி எத்தனை கிட் முடிச்சிருக்கே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பாவைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பரணிலிருந்து பெட்டியை இறக்கி அப்பா முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. நூல் கட்டிய அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோணல் இறக்கையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்முறைத் தாளையும் பார்த்தார். பிளாஸ்டிக்கைக் கரைக்கிற சிமென்ட் என்று அதில் போட்டிருந்ததை நான் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் உருகி ஒண்ணாச் சேரணும். இது ஒட்டுறது இல்லடா, வெல்டிங். என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் நேட்டைச் சொல்லிவிட்டு வந்தோம். பெட்டி மேல் இருக்கும் சிவப்பு விமானப் படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பிரிட்டனின் சாகசக் குழு ஓட்டிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். நம்முடைய போர் விமானத்துக்கு ஒரே இருக்கை. அதைப் பார்த்து வாங்கினோம். மீதிக் காசை அம்மாவிடம் கொடுத்தேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா விடவில்லை. தெப்பக்குளம் பக்கம் கூட்டிப் போய்ப் புது ஃபிரேம் போட்டுவிட்டார்!

தினமும் அரைமணி நேரம், மூன்று வாரம். ஒட்டும் முன் பாகங்களைச் சும்மா சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்தார். வால் கனத்தில் விமானம் பின்னால் சாயாமல் இருக்க, மூக்குக்குள் ஒரு தூண்டில் ஈயக் குண்டு வைத்தோம். (ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.) காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைத் தண்ணீரில் ஊறவைத்து நான்தான் நழுவவிட்டேன். கிழியவில்லை!

நம்ம திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது அங்கே நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்று "அக்னிச் சிறகுகள்" நூலில் எழுதியிருக்கிறார். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டரை செ.மீ. விமானம். பரவாயில்லை.

நண்பர்களே, கிட் வாங்கப் போனால் பெட்டி மேல் உள்ள படத்தைப் பார்க்காதீர்கள். உங்களால் முடிக்க முடிந்ததை வாங்குங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இப்போது நேட் நிஜமாகவே நம் சயின்ஸ் லேப் அலமாரியில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது அப்பா பார்ப்பார். நீங்களும் கிட்ட வந்து பாருங்கள். இடது இறக்கைக்குக் கீழே பெயின்ட்டில் ஒரு பெரிய கைரேகை பதிந்திருக்கும். அது என்னுடையது இல்லை, அப்பாவுடையது.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு