யாருடைய கேசட்?

நிட்டிங் ஷெட்டில் நைட் ஷிப்ட் நேரத்தில் பாட்டுப் போட்டால் பாதிதான் காதில் விழும்; மீதியை மெஷின் தின்றுவிடும். அக்கா மகன் ஒருநாள் ஸ்பீக்கரில் எதையோ ஓடவிட்டான். நிதானமான தாளம், அடியில் கனத்த பேஸ், எப்போதாவது ஒரு குரல். அரை மணி நேரமாகியும் முடியவில்லை.

"என்னடா, ஒரே பாட்டு இத்தனை நேரமா?"

"ஒரு பாட்டில்லீங் மாமா. பல பேர் பாட்டுங். மிக்ஸ் பண்ணியிருக்காங்க."

பீட்டர் க்ரூடர், ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டர் என்ற வியன்னாக்காரர்கள் இருவர் 'டிஜே கிக்ஸ்' வரிசையில் 1996-இல் கொண்டுவந்த ஆல்பம் அது. அட்டையில் அவர்கள் பெயர். உள்ளே பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. ஒருத்தர் தைக்க, இன்னொருத்தர் லேபிள் ஒட்டுவது திருப்பூருக்குப் புதிதல்ல. பாட்டிலுமா?

துருவியதில் வேலை பிடிபட்டது. இரண்டு ரெக்கார்டு பிளேயர். ஒன்று கூடத்துக்குப் பாடும். மற்றது ஹெட்போனில் டிஜேக்கு மட்டும். இரண்டாவதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, தாளம் சேர்ந்த நொடியில் உள்ளே விட வேண்டும். 1960-களின் கடைசியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ இதைப் பழக்கினார். ஓடும் கோனின் வால் நூலை அடுத்த கோனின் தலையோடு முடிந்து, மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்வோமே, அதே கைவேலை. கிராசோ ஆட வைத்தார். வியன்னாக்காரர்கள் ஆடிக் களைத்தவர்களுக்குப் போட்டார்கள்.

வெளியிட்ட பெர்லின் கம்பெனியின் பெயர் 'கே7'. பிரெஞ்சுக்காரர்கள் கேசட்டைச் சுருக்கி அப்படித்தான் எழுதுவார்களாம். அதைப் படித்ததும் பீரோவில் கிடக்கும் அப்பாவின் டிடிகே 60 ஞாபகம் வந்தது. அட்டையில் 'பகல்' என்று ஒரே சொல். உள்ளே எல்லாம் இளையராஜாவின் ராத்திரிப் பாட்டுகள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியே கிடையாது. ஒன்று தேயும்போதே அடுத்தது எழும். பக்கத்தின் கடைசியில் மிஞ்சிய துண்டு டேப்பில் 1986-இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து வயலின், வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். மேலே பிளாஸ்டிக் காதை உடைத்திருந்தார்கள், யாரும் அழித்துப் பதியக்கூடாதென்று.

பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரர் இப்போது செல்போன் கவர் விற்கிறார். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட எல்பி பிளேயர் ரெண்டு இருந்துச்சுங். ஒண்ணைக் குறைச்சுக்கிட்டே இன்னொண்ணை ஏத்தோணும். லிஸ்ட் உங்கப்பா எழுதுனதுங். இடைவெளி வேண்டாம்னதும் அவருதானுங்."

"ஏனுங்க?"

"நைட் ஷிப்ட் முடிச்சுப் பகல்ல தூங்கோணுமல்லங். சத்தம் நின்னா, மெஷின் நின்னுருச்சோன்னு திடுக்குனு எந்திரிச்சுக்குவாராம்."

அப்படியானால் பாட்டைவிட அந்த இணைப்புத்தான் அப்பாவுக்கு வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தானே. அதற்கப்புறம்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"வயலின் வந்துச்சுன்னா அடுப்பச் சிம்முல வெச்சுட்டு ஓடுவேன். டக்குனு பட்டன் எகிறதுக்குள்ள திருப்பிப் போட்டரோணும்."