தாலந்தை எங்கே செலவழிப்பது?



மத்தேயு சுவிசேஷம் 25-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் ஞாயிறு பள்ளியிலோ, நீதிபோதனை வகுப்பிலோ கேட்டிருப்போம். ஐந்து தாலந்து, இரண்டு தாலந்து, ஒரு தாலந்து வாங்கிய மூன்று வேலைக்காரர்களின் கதை. அதில் ஒருவன் பயந்துபோய்த் தன் ஒரே தாலந்தை மண்ணில் புதைத்து வைப்பானே, அந்தக் கதைதான்! அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், ஊர் தெரியாமல் வந்து நிற்கிற அந்நியனைப் பற்றியும் இயேசு பேசுகிறார். அவனைச் சேர்த்துக்கொள்வது தம்மையே சேர்த்துக்கொள்வதற்குச் சமம் என்கிறார். முதலில் தாலந்து, பிறகு அந்நியன். நமக்குக் கிடைத்த திறமையை யாரிடம் கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதற்கு விலாசம் பக்கத்திலேயே இருக்கிறது!

மதுரைக்காரர்களுக்கு அந்த விலாசம் ரொம்ப தூரமில்லை. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று நம்மைச் சுற்றியே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990-இல் மறுபடி போர் மூண்டபோதும் படகேறி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோதும் சிலர் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது. ஆனால் நாற்பது வருஷம் ஆகியும் ஊர்க்காரர்கள் பேச்சில் அவர்கள் இன்னும் ‘வந்தவங்க’தான்.

நமக்கு ஒரு பழைய கடனும் உண்டு. 1834-இல் அமெரிக்க மிஷனெரிமார் மதுரையில் பணி தொடங்க வந்தது யாழ்ப்பாணத்திலிருந்துதான். அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழர்களும் உதவிக்கு வந்தார்கள். அந்தப் பணியில் முளைத்ததுதான் 1881-இல் ஆரம்பித்த அமெரிக்கன் கல்லூரி. அன்றைக்கு அங்கிருந்து வந்தவர்கள் கையில் படிப்பைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நாம் எதைக் கொண்டுபோகிறோம்?

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் இந்தக் கேள்வி வந்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நன்றாகப் பாடுகிற அண்ணன் பாட்டு என்றார். பேச்சாளர் அண்ணன் பிரசங்கம் என்றார். எனக்கு இரண்டும் வராது. “வயரிங் தெரியும்ணே, கணக்கு வரும், டிராயிங் போடுவேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்த ஓர் அக்கா மட்டும், “மொதல்ல அங்க இருக்கறவங்கள்ட்ட கேப்போம்டா, அவங்களுக்கு எது வேணும்னு” என்றார்.

வெளியாட்கள் நினைத்த நேரத்தில் முகாமுக்குள் போக முடியாது. பெரியவர்கள் அனுமதி வாங்கித் தந்தார்கள். போய்க் கேட்டோம். பதில் உடனே வந்தது. “பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்கோ தம்பி.” அவ்வளவுதான்! கிறிஸ்துமஸுக்குக் கேக்கு கொண்டுவர நிறையப் பேர் இருக்கிறார்களாம். சாதாரணச் சனிக்கிழமையில் வந்து உட்காரத்தான் ஆள் இல்லையாம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை எங்களுக்கு அங்கேதான். பாட்டுக்கார அண்ணன் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லித் தருகிறார். பேச்சாளர் அண்ணன் விண்ணப்பப் படிவங்களைப் புரியும்படி விளக்குகிறார். நான் கரும்பலகையில் வட்டமும் தொடுகோடும் வரைகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். கையில் துண்டுப்பிரசுரம் கிடையாது. அங்கே கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு. கணக்கைத் தூண்டிலாக்கினால் அது ஊழியம் இல்லை, வியாபாரம்!

இதில் நாங்கள் ஒன்றும் முன்னோடிகள் இல்லை. இயேசு சபையார் 1980-இல் தொடங்கிய அகதிகள் பணி அமைப்பு தமிழக முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்கு வெகுகாலம் உழைத்திருக்கிறது. ‘தந்தை செல்வா’வின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ‘ஒஃபர்’ அமைப்பில் அகதிகளே அகதிகளுக்குப் பணி செய்கிறார்கள். வந்தவர்கள் கையேந்தத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் வகுப்பு நடத்தும் கூடத்துக்கு வெள்ளையடித்தது முகாமில் இருக்கும் ஒரு பெயிண்டர் அண்ணன். சுவரில் நூல் பிடித்து நேர்கோடு போடும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். ஒர்க்ஷாப்பில்கூட இவ்வளவு பொறுமையாய் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒருநாள் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். “அண்ணா, நானும் டிப்ளமோ முடிச்சா கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமா?” மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன் அவன். தல்லாகுளமும் தெப்பக்குளமும் எனக்குத் தெரிந்த அளவு அவனுக்கும் தெரியும். ஆனால் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. பொய் சொல்லி அவனைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. “கவர்ன்மென்ட் வேலைக்குக் குடியுரிமை கேப்பாங்கடா தம்பி. ஆனா கைத்தொழில் தெரிஞ்சவனை வேலைக்கு வச்சுக்கத் தனியார்ல ஆள் இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்ப அந்தச் சர்க்யூட்டை இன்னொருக்கா போட்டுக் காட்டுங்கண்ணா” என்றான்.

குடியுரிமை வாங்கித் தரும் சக்தி எனக்கில்லை. சர்க்யூட் போட்டுக் காட்டும் சக்தி இருக்கிறது. என் கையில் உள்ள ஒரு தாலந்து அதுதான்.

‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்பார்கள். அரியர் இருக்கிற நமக்கு மிஞ்சுவது எது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சும் நண்பர்களே! சிவில் நண்பன் ஒழுகுகிற கூரையைப் பார்க்கலாம். மெக்கானிக்கல் நண்பன் தையல் மெஷினைச் சரிசெய்யலாம். கம்ப்யூட்டர் தோழி ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரலாம். முகாம்தான் என்றில்லை. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் மொழி தெரியாமல் நிற்கும் வடமாநிலத் தம்பியும், முதல் வருஷம் நம் ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு வந்து திருதிருவென முழிக்கும் கிராமத்துப் பையனும் புதிதாய் வந்தவர்கள்தான். முதலில் அவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். நம் கையில் என்ன இருக்கிறது என்பது அப்போது தானாகவே தெரியும்.