மூன்று நாட்டு 'நெ'

பல்கேரியாவின் தென்கிழக்கு மூலையில் ஸ்விலென்கிராட் என்றொரு சிற்றூர். பெயருக்குப் பட்டு நகரம் என்று அர்த்தம். ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த சீமை. அங்கிருந்து தெற்கே எட்டு வைத்தால் கிரீஸ், கிழக்கே எட்டு வைத்தால் துருக்கி. நடுவில் ஓடும் ஆறு ஒன்றுதான். பல்கேரியருக்கு அது மாரித்ஸா, கிரேக்கருக்கு எவ்ரோஸ், துருக்கியருக்கு மெரிச். ஓர் ஆற்றுக்கு மூன்று பெயர் இருப்பதில் என்ன வியப்பு? என்னை அங்கே இழுத்துப்போனது அதைத் தலைகீழாக்கிய சங்கதி. 'நெ' என்ற ஓசைக்கு அந்த மூலையில் மூன்று பொருள். பல்கேரிய மொழியில் 'இல்லை'. கிரேக்கத்தில் 'ஆமாம்'. துருக்கியில் 'என்ன?'.

கொரியாவிலும் 'நெ' என்றால் ஆமாம்தான். ஹங்கேரியில் 'வேண்டாம், செய்யாதே' என்று தடுப்பதற்கு அதுதான் சொல். ஆனால் அவையெல்லாம் தூரதூரத்து ஊர்கள். இங்கே மூன்று அர்த்தத்தையும் ஒரே பகலில் காதால் கேட்டுவிடலாம். ஷெங்கன் விசா கையில் இருந்தால் துருக்கிக்கு இணையத்திலேயே மின்விசா எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நமக்கும் பெரிய அலைச்சல் இல்லை.

ஸ்விலென்கிராடில் 1529இல் துருக்கியர் கட்டிய முஸ்தபா பாஷா கல்பாலத்தைப் பார்த்துவிட்டு, பசிக்கு ஒரு அடுமனையில் நுழைந்தேன். மெல்லிய மாவை அடுக்கி நடுவே பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பனித்ஸா இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் "நெ" என்றார். தலையோ மேலும் கீழுமாக ஆடியது. தட்டில் பொருக்குகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பல்கேரியர்கள் இல்லை என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார்கள். ஆமாம் என்றால் தலை இடமும் வலமுமாக ஆடும். ஐரோப்பியப் பயணிகள் திண்டாடும் இடம் இது. நமக்கு என்ன கவலை? ஊரில் 'சரி, சரி' என்று பக்கவாட்டில் ஆட்டுகிற தலை அங்கே அப்படியே செல்லுபடியாகிறது. வேறு ரொட்டியைக் காட்டி "இது தரட்டுமா?" என்று அவர் கை கேட்டபோது நான் மதுரைத் தலையாட்டல் ஒன்றைப் போட்டேன். உடனே பொட்டலம் கட்டிவிட்டார்.

கபிகுலே சோதனைச் சாவடியில் லாரிகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. அதைத் தாண்டினால் எடிர்னெ. ஊர்ப் பெயரின் வாலிலேயே ஒரு 'நெ'. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிக்கும் வரை ஒட்டோமான்களுக்குத் தலைநகரம் இதுதான். 1575இல் கட்டிட மேதை சினான் முடித்துக்கொடுத்த செலிமியே பள்ளிவாசலின் நான்கு மினார்களும் எந்தத் தெருவில் திரும்பினாலும் கூடவே வருகின்றன. இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஈரல் வறுவல் சாப்பிடாமல் போவதில்லை. கன்றின் ஈரலைக் காகிதம்போல் சீவி, மாவில் புரட்டி, எண்ணெயில் போட்டெடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளப் பொரித்த காய்ந்த மிளகாய். நம்மூர் மோர்மிளகாய்க்குப் பழகிய நாக்கு அதைப் பார்த்ததும் குஷியாகிவிட்டது. கடைக்காரரிடம் நான் ஏதோ சொல்ல, அவர் காதைச் சாய்த்து, "நெ?" என்றார். 'எவ்வளவு' என்று கேட்கவும் 'நெ கதர்'. ஏன், எங்கே, எப்படி என்று கேட்கும் 'நெதென்', 'நெரெதெ', 'நசில்' எல்லாம் இந்த 'நெ' பெற்ற பிள்ளைகள். இந்தக் குடும்பத்தை விட்டால், 'ந்' ஒலியில் தொடங்கும் சொந்தச் சொல் துருக்கியில் கிடைப்பதே அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்பதற்குப் பாரசீகத்திலிருந்து கடன் வாங்கிய இன்னொரு 'நெ'யும் அவர்களிடம் இருக்கிறது.

எடிர்னெயிலிருந்து ஆற்றைக் கடந்தால் கராஆச். எல்லையை ஆறே வகுக்கிறது, ஆனால் இந்தத் துண்டு மட்டும் மேற்குக் கரையில் இருந்தும் துருக்கியோடு இருக்கிறது. 1923இல் லோசான் உடன்படிக்கையின்போது போர் நஷ்ட ஈட்டுக்குப் பதிலாகக் கிரீஸ் விட்டுக்கொடுத்த இடம். அங்கே குடியிருந்த கிரேக்கர்கள் மூட்டைமுடிச்சோடு எல்லைக்கு அப்பால் போய், ஒரெஸ்தியாதா என்று புது ஊரே கட்டிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக 'நெ?' என்று கேட்ட பக்கத்து வீட்டாருக்கு 'நெ' என்று பதில் சொல்லி வாழ்ந்தவர்கள்.

கராஆசை ஒட்டிய சாவடியைத் தாண்டியதும் கஸ்தானியெஸ் என்ற கிரேக்க கிராமம். காபிக்கடைக்காரர் கைபேசியை எடுத்ததும் "நெ?" என்றார். சொல்லுங்கள் என்று அர்த்தம். பிறகு "நெ, நெ, நெ" என்று ஆமாம் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் எதிராளி ஏதோ கூடாததைக் கேட்டிருக்க வேண்டும். புருவத்தை உயர்த்தி, தலையைப் பின்னுக்குத் தூக்கி, நாக்கால் ஒரு 'ட்ச்' கொட்டினார். எடிர்னெ ஈரல் கடையிலும் இதே 'ட்ச்'தான், இதே புருவம்தான். அடுமனை அம்மாளின் தலையும் முதலில் மேலேதான் போனது. வாய்ச்சொல்லில் மூன்றாகப் பிரிந்தவர்கள், மறுக்கும்போது மட்டும் தலையை ஒரே திசையில் தூக்குகிறார்கள். தலை அசைவுக்கு 1923இல் யாரும் எல்லைக்கல் நடவில்லை போலும்.

அவர் என் பக்கம் திரும்பி, "ஸாஹரி?" என்று சர்க்கரை டப்பாவைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. புருவத்தைத் தூக்கி ஒரு 'ட்ச்' கொட்டினேன். காபி கசப்பாகவே வந்தது.