பிளெய்ட் சட்டை இருக்கா?

எடின்பரோவில் ராயல் மைல் என்றொரு தெரு. கோட்டையில் ஆரம்பித்து அரண்மனையில் முடிகிறது. நடுவில் எங்கே திரும்பினாலும் கட்டம் போட்ட துணி. ஜூன் மாதத்திலேயே பல் கிட்டிக்கிற குளிர்!

"பையனுக்கு ஒரு பிளெய்ட் சட்டை வாங்கிட்டு வாங்க" என்பது வீட்டம்மா உத்தரவு. ஒரு கடையில் நுழைந்து கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பிளெய்ட் இல்லே, பிளாட். அது சட்டையும் இல்லே. போர்வை!"

கட்டம் போட்ட டிசைனுக்குப் பேர் டார்ட்டனாம். பிளாட் என்பது அவர்களுடைய கேலிக் மொழியில் போர்வை. அமெரிக்காக்காரர்கள் போர்வையின் பெயரைத் தூக்கிக் கட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். ஜரிகையைக் காட்டி, "என்ன அழகான அங்கவஸ்திரம்!" என்கிற கதைதான்.

அந்தக் காலத்து மலைநாட்டு ஆசாமி நாலைந்து கஜம் கம்பளித் துணியைக் கொசுவி, இடுப்பில் பெல்ட் போட்டு, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வான். மழை வந்தால் அதுவே முக்காடு. ராத்திரி பெல்ட்டை அவிழ்த்தால் படுக்கை. ஏழைக்கு இருந்தது அந்த ஒரு துணிதான். கலோடன் சண்டையில் தோற்றதும் 1746-ல் அதற்கும் சட்டம் வந்தது. மலைநாட்டு ஆண்கள் யாரும் கட்டக்கூடாது. மீறினால் ஆறு மாசம் ஜெயில். மறுபடி கட்டினால் ஏழு வருஷம் கடல் கடந்து நாடு கடத்தல். ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தால் மட்டும் தாராளமாகக் கட்டலாம்! 1782-ல்தான் தடையை நீக்கினார்கள். 1822-ல் நாலாம் ஜார்ஜ் மகாராஜாவே டார்ட்டன் கட்டிக்கொண்டு இதே ஊரில் வந்து நின்றாராம். பெரியவர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"நீங்க எந்த ஊர்?"

"மெட்ராஸ்" என்றேன். 1996-லேயே சென்னை ஆகிவிட்டது. பழக்க தோஷம்.

"அட, அதுவும் கட்டம் போட்ட துணிதானே! பருத்தியிலே!"

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் நீலக் கட்டம் போட்ட கைலி ஞாபகம் வந்தது. எனக்குத் தூளி, காய்ச்சல் வந்தால் போர்வை, ரயிலில் விரிப்பு. எல்லாம் அந்த ஒரு கைலிதான்.

சட்டையின் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாக வெளியே வந்தேன்.

ஊர் திரும்பியதும், "பிளெய்ட் எங்கேங்க?" என்றாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து கைலியை எடுத்து நீட்டினேன்.

"மாமாவோடதாச்சே!" என்றவள், அதை உதறி மடித்துப் பையனின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.