திருப்பத்தில் தெரியும் ஆட்டம்

இயந்திரக் கை ஒன்றை நாமே செய்து பார்க்கவேண்டுமென்ற ஆசை நமக்கு நெடுநாளாக உண்டு. பங்கு இல்லத்தின் பின்தாழ்வாரமே பட்டறையாயிற்று. அலுமினியப் பட்டைகளும் ஸ்டெப்பர் மோட்டார்களும் பற்சக்கரங்களும் சேர்ந்து, 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கை ஒன்று உருவாயிற்று.

காகிதத்தில் நாம் இட்ட கணக்கு அழகானது. மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாகப் பகுத்துச் சுழலும், அடிக்கு 1.8 பாகை. பற்சக்கரங்கள் அதனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், தோளில் 0.18 பாகை, நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இந்த நுட்பம் போதுமென மகிழ்ந்தோம்.

கையின் நுனியில் பென்சிலைப் பொருத்தி, இடப்புறமிருந்து வந்து புள்ளியிடச் செய்தோம். பத்து முறையும் அதே இடம். பின்னர் வலப்புறமிருந்து வரச் செய்தோம். புள்ளி 5 மில்லிமீட்டர் விலகி விழுந்தது. திருகுகளை இறுக்கினோம், கணக்கைத் திருத்தினோம், பயனில்லை. லேத் பட்டறை நடத்தும் பங்குமக்களுள் ஒருவர் தோள்மூட்டை மெல்ல அசைத்துப் பார்த்து, "பல்லுக்குப் பல் ஆட்டம் இருக்கு சாமி" என்றார்.

பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தே ஆகவேண்டும்; இல்லையேல் சக்கரங்கள் இறுகி நின்றுவிடும். ஒரே திசையில் செல்லும்வரை அது தன்னைக் காட்டாது. திசை மாறும் கணத்தில், மோட்டார் சுழன்றும் கை அசையாது நிற்கும். தோளில் அரைப் பாகை ஆட்டம், நுனியில் 5 மில்லிமீட்டர் பிழையாகிறது.

அன்றிரவு ஆன்ம சோதனையில் நம் உபதேசியார் நினைவுக்கு வந்தார். பங்குப் பேரவையில், பலர் முன்னிலையில், அவரை நாம் கடிந்து பேசியிருந்தோம். மறுநாள் சக்ரீஸ்தில் "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, கணக்குத் தீர்ந்ததாகவே எண்ணினோம். அவரோ அதன்பின் தேவைக்குமேல் நம்மிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அவர் மனம் இளகவில்லையே என்று குறைப்பட்டோம். உண்மையில் நம் நாவு திரும்பியது, நாம் திரும்பவில்லை. திருப்பத்தின் முதல் அசைவு இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. அங்கேயே நின்றுவிட்டால், கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஊதாரி மைந்தனும் தந்தையிடம் சொல்லவேண்டியதைத் தொலைநாட்டிலேயே மனத்தில் அமைத்துக்கொண்டான். ஆயினும் அத்துடன் நில்லாது, எழுந்து வழிநடந்தான்.

ஆட்டத்தை அறவே ஒழிக்க இயலாது என்ற பட்டறைக்காரர், பற்கள் எப்போதும் ஒருபுறமாய் ஒட்டியிருக்கும்படி தோளில் ஒரு ஸ்பிரிங்கைப் பூட்டித் தந்தார். ஓயாத அச்சிறு இழுப்பினால் இரு புள்ளிகளும் ஏறத்தாழ ஒன்றாயின. நம் உள்ளத்தையும் அவ்வாறு இழுத்துப் பிடிப்பது அன்றாடச் செபமேயன்றி வேறென்ன?

மறுநாள் மாலை உபதேசியார் இல்லத்துத் திண்ணையில் போய் அமர்ந்தோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. நாமும் எழுந்துவிடவில்லை. பின்னர் அவர் உள்ளே திரும்பி, "சாமிக்குக் காப்பி கொண்டு வா" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.