டிக்... டிக்... டிக்...

நண்பர்களே, போன ஆண்டு விழாவில் என் கிடார் ஒரு பக்கமும் நண்பனின் பாட்டு ஒரு பக்கமும் ஓடியதே, ஞாபகம் இருக்கா? "நீதான்டா தாளம் விட்ட"ன்னு சண்டை போட்டு, அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

மாமா செல்போனில் மெட்ரோனோம் வைத்துத் தந்தார். சீராகத் தாளம் தட்டும் இக்கருவிக்கு 1815இல் மெல்சல் என்பவர் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு 60 தட்டு. சுலபமான கார்டில் முந்தினேன். விரல் வலிக்கும் 'எஃப்' வந்ததும் நின்றேன்.

"இது தப்பா அடிக்குது மாமா!"

மாமா சிரித்தார். "பென்னாகரம் பக்கம் கூத்துல மத்தளத்தைக் கேட்டுத்தானே வேஷக்காரர் அடி வைக்கிறார்? நீயும் காதைக் கொடுடா."

ஒரு மாதம் 60லேயே பழகினேன். இப்போது 80க்கு வந்துவிட்டேன்.

அன்று தாளம் விட்டது நான்தான். நண்பா, மன்னிச்சிடு. இந்த வருஷமும் பாடுவியா?

– 9ஆம் வகுப்பு மாணவன்